குடிக்கூலி

வீட்டுக்குக் கொடுக்கும் வாடகைக்குத் தமிழிலே குடிக்கூலி என்று ஒரு பெயருண்டு. வாடகை என்ற சொல் வண்டிக்கும் ஆகும். பாத்திர பண்டங்களுக்கும் ஆகும். கலியாணப் பந்தலுக்கும் ஆகும். குடிக்கூலி என்பதோ வீட்டுக்கே உரியது. ஒரு வீட்டிற் குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி அது. குடி, கூலி என்னும் இரண்டு சொற்கள் அதிலே கூடி நிற்கின்றன. இரண்டும் எளிய சொற்கள் போலத் தோன்றும். வீடும் குடி, வீட்டிலுள்ள குடும்பமும் குடி, அக்குடும்பம் வழிவழி வந்த மரபும் குடி, ஊரும் குடி, நாட்டில் உரிமையோடு வாழும் மக்களும் குடி. குடியுரிமை, குடியரசு என்று பிற்காலத்தார் ஆக்கிக்கொண்ட சொற்களுக்கும் அதுவே வேர். கூலி என்பதோ கப்பலேறிக் கடல் கடந்த சொல். ஆங்கிலத்திற் புகுந்து, பிரெஞ்சிற் புகுந்து, உலக அகராதிகளில் இடம் பெற்றுவிட்டது. அது தமிழ்ச் சொல்லே என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கொள்வர். செய்த வேலைக்குரிய ஊதியத்தின் பெயராய் இங்கிருந்து புறப்பட்ட அச்சொல், போன இடங்களிலெல்லாம் வேலை செய்யும் மனிதனுக்கே பெயராகி இழிந்தது.

இந்தக் குடியும் இந்தக் கூலியும் கண்டிக்கு அயலேயுள்ள ஹந்தானை மலையில் ஒன்றையொன்று எதிர்ப்பட்டதை நான் கண்டேன். அதனையே ஈண்டு எழுதுகின்றேன்.

கனடாவிலும் ஐரோப்பாவின் வடபாகத்திலும் மார்கழி, தை மாதங்களில் நிலம் உறைந்துவிடுகிறது. பகல் சுருங்குகிறது. பாடசாலைப் பிள்ளைகள் வீடு திரும்பிச் சிறிது நேரத்துக்குள் இருட்டிவிடுகிறது. வசதியுடையோர் இரண்டு மூன்று வாரம் விடுமுறை பெற்றுக்கொண்டு வெயிலைத் தேடிப் புறப்படுகின்றனர். கனடாவில் உள்ளோர்க்குக் கரீபியன் தீவுகள் அண்மையில் உள்ளன. ஐரோப்பியர் பலர் இலங்கைக்கும் வருகின்றனர். அவ்வாறு வருவோர் முன்பெல்லாம் பெரிய விடுதிகளிலே தங்கினார்கள். இப்போது தனிவீடு ஒன்றை நாட்கணக்கிற் குடிக்கூலிக்கு எடுத்து, கணவனும் மனைவியுமாகத் தம் சொந்த வீட்டில் இருப்பது போல இருந்துவிட்டுப் போவது பெருவழக்காகிவிட்டது. தீவுகளில் அத்தகைய வீட்டை வில்லா என்பார்கள். நம் மலைநாட்டில் அதற்குப் பங்களா என்று பெயர்.

பனிக்காலம் அவர்களுக்குத் துரத்தும் பகை. நம் முன்னோர் பாட்டிலே அதற்குக் கொடுத்த இடம் வேறு. ஆறு பெரும்பொழுதுகளை வகுத்த தொல்காப்பியர், கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சித் திணைக்கு உரிமையாக்கினார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. குறிஞ்சிக்கு நிலம் மலை. சிறுபொழுது நள்ளிரவாகிய யாமம். உரிப்பொருள் காதலர் கூடுதல். மலையும் குளிரும் இருளும் இருவரை நெருங்கியிருக்கச் செய்யும் என்பது இவ்விலக்கணத்தின் உட்கிடை. எனவே ஒரு தம்பதியர் தை மாதத்திலே மலையேறி, மூடுபனிக்குள் ஒரு வீட்டிற் சில நாள் தங்குகிறார்கள் என்றால், தமிழ் படித்தவன் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் தம்மை அறியாமலே குறிஞ்சிக்குள் நுழைந்துவிட்டார்கள்.

ஹந்தானை அப்படிப்பட்ட மலைதான். பெயரின் முதலெழுத்து வடவெழுத்தாயிற்றே என்று பண்டிதர்கள் முகஞ்சுளித்தல் கூடும். அதனைத் தமிழாக்கிக் கந்தானை என்று எழுதிவிடலாமே என்றால், கந்தானை என்பது கொழும்புக்கு வடக்கே உள்ள வேறோர் ஊர். அந்தப் பெயரை நம்பிப் புகையிரதம் ஏறியவர் மலையைக் காணமாட்டார். ஆகவே ஹகரத்தை அது இருந்தபடியே இருக்க விடுகின்றேன். கண்டி நகரத்துக்குத் தெற்கே, ஆயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்த சிகரங்களோடு அது நீண்டு கிடக்கிறது. அதன் அடிவாரத்திலேதான் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1942 இற் கொழும்பிலே தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் இங்கே குடிவந்தது. பேராசிரியர் கணபதிப்பிள்ளையும் செல்வநாயகமும் வித்தியானந்தனும் தமிழ் கற்பித்த இடம் இம்மலையின் நிழல். சிங்கள மக்களுக்கும் ஹந்தானை என்றவுடன் காதல் நினைவுக்கு வரும். பல்கலைக்கழக மாணவரின் காதலைப் பொருளாகக் கொண்ட 'ஹந்தானே கதாவ' என்னும் திரைப்படம் 1969 இல் வெளிவந்தது. அதனை இயக்கியவர் சுகதபால செனரத் யாப்பா. தொல்காப்பியத்தைப் படியாதவர்க்கும் மலை அதே உரிப்பொருளையே காட்டுகிறது போலும்.

மலையின் மேற்புறத்தில் ஊசியிலைப் பைன் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அவை இம்மண்ணின் மரங்கள் அல்ல. கியூபா, பகாமாத் தீவுகளையும் மத்திய அமெரிக்கக் கரையையும் தாயகமாகக் கொண்டவை. பயனிழந்த தேயிலை நிலங்களையும் புற்றரைகளையும் மூடுவதற்காகக் கொணர்ந்து நடப்பட்டவை. அவற்றின் அறிவியற் பெயரிலேயே கரீபியா என்ற சொல் நிற்கிறது. மலையின் இயற்கையைக் காக்கும் பொருட்டு ஹந்தானைத் தொடரின் ஒரு பகுதி 2010 இலே சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

நிற்க. கண்டியில் என்னிடம் தமிழ் படித்த மாணாக்கர் ஒருவர் இப்போது ரொறன்ரோ நகரிலே தொழில் செய்கிறார். அவர் மாத்தளைப் பிள்ளை. அவருடைய மனைவி நீலகிரியிற் கோத்தகிரிப் பக்கத்திற் பிறந்தவர். 2024 தை மாதம் இருவரும் மூன்று வார விடுமுறையில் இலங்கைக்கு வந்தார்கள். ஹந்தானையிலே இரண்டு வீடுகளை அடுத்தடுத்துக் குடிக்கூலிக்கு எடுத்திருந்தார்கள். முதலாவது துரைமார் காலத்துப் பழைய பங்களா. மற்றது மலைவிளிம்பிலே கண்ணாடிச் சுவர்களோடு அண்மையிற் கட்டிய புதுவீடு. "ஐயா, ஒரு நாள் வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போகவேண்டும்" என்று அழைத்தார். பொங்கலுக்கு முதல் நாள் நான் போனேன்.

ஹந்தானையை அவர்கள் ஏன் தெரிந்தார்கள் என்று கேட்டேன். அதற்கு முந்திய பனிக்காலத்தில் அவர்கள் குவாதலூப் என்னும் கரீபியன் தீவுக்குப் போயிருந்தார்களாம். அது பிரெஞ்சு நாட்டின் ஒரு பகுதி. கடலைப் பார்த்த வில்லா, வாசலிலே தென்னை, பின்புறத்திலே கரும்பு. முதல் நாள் மத்தியானம் உணவுச்சாலைக்குப் போனபோது, பட்டியலிலே 'கொலம்போ' என்று ஓர் உணவு இருந்தது. ஏதோ நம்மூர்ப் பெயராக இருக்கிறதே என்று வரவழைத்தார்கள். மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு சேர்த்த கறி வந்தது. அத்தீவிலே கறித்தூளுக்கும் கறிக்கும் கொலம்போ என்றே பெயர். கொழும்பு நகரின் பெயர் அது என்பர் சிலர். குழம்பு என்ற தமிழ்ச் சொல்லே அவ்வாறு ஆயிற்று என்பர் வேறு சிலர். கொழும்போ குழம்போ, ழகரத்தைப் பறிகொடுத்துவிட்டுக் கறி மாத்திரம் பிழைத்திருக்கிறது.

அந்தக் கறி அங்கே போன வழியை அவர்கள் பின்னர் விசாரித்து அறிந்தார்கள். 1848 இலே பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தம் எழுதிப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் ஏற்றினார்கள். 1854 டிசம்பரிலே 'ஒரேலி' என்னும் கப்பல் முதற்கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது. அதன்பின் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அத்தீவுக்குச் சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். இன்று அவர்களுடைய வழித்தோன்றல்கள் பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறார்கள். மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் பூசை நடக்கிறது. தெய்வங்களின் பெயர்கள் உருமாறி வழங்குகின்றன. வழிபாட்டிலே தமிழ்ப் பாட்டுக்களின் ஒலி நிற்கிறது. பொருள் அறிந்து பேசுவோர் இல்லை.

"கரும்புத் தோட்டத்து முதலாளிமார் வீடுகள் இப்போது விடுமுறைக்காரர் தங்கும் வீடுகளாகிவிட்டன. அப்படிப்பட்ட ஒரு வீட்டுத் திண்ணையிலே இருந்தபோதுதான் எனக்கு என் அம்மாயி நினைவு வந்தது" என்றார் அந்த அம்மையார். தாயைப் பெற்ற பாட்டியை அம்மாயி என்பது அவர்கள் வழக்கு. அந்த அம்மாயி ஹந்தானையிலே ஒரு லயத்திற் பிறந்தவர், கொழுந்து கிள்ளியவர், 1970 களிலே இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு நீலகிரியிற் குடியேறியவர். பேத்திக்குக் கதை சொல்லும்போதெல்லாம், மலையுச்சியில் இருந்த துரை பங்களாவைச் சொல்வாராம். அதன் முன்வாசலைத் தாம் ஒரு நாளும் மிதித்ததில்லை என்றும் சொல்வாராம். அடுத்த பனிக்காலத்துக்கு அந்த மலைக்கே போவது என்று கணவனும் மனைவியும் குவாதலூப்பிலே முடிவு செய்தார்கள்.

பங்களாவை நான் சுற்றிப் பார்த்தேன். பங்களா என்ற சொல்லே வங்காளத்திலிருந்து வந்தது. வங்காளப் பாங்கிற் கட்டிய வீடு என்பது பொருள். அகன்ற விறாந்தை, உயர்ந்த கூரை, குளிர்காயக் கணப்படுப்பு, முன்னே புற்றரை, புற்றரையின் ஓரத்திலே ரோசாச் செடிகள். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். துரைமார் காட்சிக்காக மாத்திரம் அவ்விடத்தைத் தெரிந்தார்கள் அல்லர். எந்த மலையில் எத்தனை பேர் கொழுந்து எடுக்கிறார்கள் என்பதை விறாந்தையிலிருந்தே பார்க்கலாம். தோட்டத்திலே மலை என்பது தேயிலை நட்ட ஒரு வயற்பரப்பின் பெயர். லயங்களோ பங்களாவிலிருந்து பார்ப்பவர் கண்ணிற் படாதவாறு பள்ளத்திலே பதுங்கியிருந்தன. லயம் என்றால் இசைவாணர் தாளத்தை நினைப்பர். வேதாந்திகள் ஒடுக்கத்தை நினைப்பர். தோட்டத்து லயம் ஆங்கிலத்து லைன் என்பதன் திரிபு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறைகளை ஒரு கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய கட்டடம். குதிரை கட்டும் லாயத்துக்கும் அதற்கும் ஒரு கால்தான் வித்தியாசம்.

பங்களாவிலே சமையல் செய்பவருக்குப் பழைய காலந்தொட்டு அப்பு என்று பெயர். யாழ்ப்பாணத்திலே அப்பு என்பது பெரியவரை அழைக்கும் மதிப்புப் பெயர். இங்கே அது ஏவற்காரர் பெயர். அந்த வீட்டின் இப்போதைய அப்பு முப்பது வயது இளைஞர். கீழே உள்ள லயத்தைச் சேர்ந்தவர். ஓட்டற் பள்ளியிலே சமையல் படித்தவர். பழைய பங்களாக்களை விருந்தினர் இல்லமாக்கும் தொழில் மலைநாட்டிலே வளர்ந்துவருகிறது. 2005 இல் ஹற்றன், பொகவந்தலாவைப் பக்கத்திலே நான்கு பங்களாக்களை அவ்வாறு திருத்தித் திறந்தபின், வெளிநாட்டார் கண்ணும் அவற்றின்மேல் விழுந்தது. அத்தொழிலால் இந்த இளைஞரைப் போன்ற சிலர்க்கு மலையிலேயே மதிப்பான வேலை கிடைத்திருக்கிறது. அது நன்மையே. அதனை மறுப்பது என் கருத்தன்று.

அன்று பிற்பகல் மூவரும் ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1925 இற் கட்டிய தேயிலை ஆலையை அருங்காட்சியகமாக்கி 2001 இலே திறந்தார்கள். நான்கு மாடிகள். கொழுந்தை உருட்டும் எந்திரங்கள், உலர்த்தும் எந்திரங்கள், அவற்றை இயக்கிய பழைய பொறிகள் ஆகியவை எண்ணெய் பூசிப் பளபளவென நிற்கின்றன. ஜேம்ஸ் டெய்லர் 1867 இலே லூல்கந்துர தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்ட வரலாற்றை அங்கே அறியலாம். அதே 1867 இலேதான் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதற்கு முன்னே இம்மலைகளிலெல்லாம் கோப்பிதான். 1869 இலே கோப்பி இலையில் ஒரு துருநோய் கண்டது. சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியபோதும் பயிரிட்ட மக்கள் மாறவில்லை. கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து தோணியேறித் தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியே நாட்கணக்கில் மாத்தளைவரை நடந்து, வழியிலே வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் தப்பியவர்கள் மலையேறினார்கள். தேயிலைக்கும் அவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே வேராயினர்.

அவ்வம்மையார் எந்திரமொன்றின் அருகிலே நெடுநேரம் நின்றார். "இந்த எந்திரத்துக்கு வயது தெரிகிறது, செய்த கம்பனியின் பெயர் தெரிகிறது. அம்மாயி கிள்ளிய கொழுந்து இதற்குள்ளேதான் போயிருக்கும். அவர் பிறந்த ஆண்டு எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது" என்றார். அதற்கு விடை சொல்ல என்னால் முடியவில்லை. கம்பளைப் பக்கத்திலே பழைய பீகொக் தோட்டத்தில் லயமொன்றையே தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 இல் அமைத்திருக்கிறார்கள் என்பதை மாத்திரம் சொன்னேன். அவர்கள் அதற்கும் போகத் தீர்மானித்தார்கள்.

மறுநாள் தைப்பொங்கல். அப்பு எங்களைத் தம் வீட்டுப் பொங்கலுக்கு அழைத்தார். பங்களாவிலிருந்து லயத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதை செங்குத்தானது. பத்து நிமிடத்திலே போய்விடலாம். லயத்து முற்றம் சாணமிட்டு மெழுகியிருந்தது. மாவிலைத் தோரணமும் கோலமும் இருந்தன. பால் பொங்கியபோது பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். அம்மையாரின் அம்மாயி இம்மலையிற் பிறந்தவர் என்று கேள்விப்பட்டதும், எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி கோலூன்றி வந்து அவரருகே அமர்ந்தார்.

"ஒங்க அம்மாயி எந்த லயத்து ஆளு தாயி?"

"மேட்டு லயம்னு சொல்வாங்க பாட்டி."

"மேட்டு லயமா? அத இடிச்சு எம்புட்டோ வருசமாச்சே. வா, எடத்தக் காட்டுறேன். மொதல்ல தேத்தண்ணி குடி."

கருப்பட்டி போட்ட தேநீர் வந்தது. பொங்கல் வந்தது. இடிந்த லயத்தின் அத்திவாரக் கல்லும் அதன் பக்கத்தில் நின்ற கொய்யா மரமும் காட்டப்பட்டன. திரும்பி வந்து உட்கார்ந்தபின் மூதாட்டி கேட்டார்:

"மேல பங்களாவுல எத்தன நாளைக்கு இருப்பீங்க தாயி?"

"எட்டு நாள் பாட்டி."

"அதுக்குக் கடுதாசி குடுத்தாங்களா?"

அம்மையார் தம் கைத்தொலைபேசியைத் திறந்து, வீட்டுக்காரர் அனுப்பிய ஒப்பந்தத்தைக் காட்டினார். பெயர் இருந்தது, வந்த நாளும் போகும் நாளும் இருந்தன, கொடுத்த தொகை இருந்தது. மூதாட்டி அந்த ஒளியை உற்றுப் பார்த்துவிட்டு, "எட்டு நாளைக்குக் கடுதாசி இருக்கு" என்று சிரித்தார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை அவருடைய பேரனாகிய அப்பு சொன்னார். அந்த லய அறையிலே அவர்கள் நான்கு தலைமுறையாக இருக்கிறார்கள். அறைக்கும் உறுதி இல்லை. முற்றத்துக்கும் உறுதி இல்லை. கொய்யா மரத்துக்கும் உறுதி இல்லை. பங்களாவின் ஓர் இரவுக் குடிக்கூலி, அவருடைய தாயார் ஒரு மாதம் கொழுந்து கிள்ளிப் பெறும் சம்பளத்துக்குக் குறைந்ததன்று. 2021 இலே நிர்ணயித்த நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. அதுவே அன்றும் இருந்தது. 2024 இன் பிற்பகுதியில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று.

குடி என்ற சொல்லை இவ்விடத்தில் மீண்டும் நினைத்தல் வேண்டும். 1947 பொதுத்தேர்தலிலே மலைநாட்டுத் தமிழ் மக்கள் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தலவாக்கொல்லையிலே வென்ற சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் தமிழிலும் தேயிலைத் தோட்டத்தைப் பாடிய கவிஞர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. அடுத்த ஆண்டிலே வாக்கும் போயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இலே இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்திலே தமையன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் ஆனார்கள். மலையிலே கூடி வாழ்ந்தவர்க்குப் பிரிவு வந்தது. முன்பனி கழிந்தால் வருவது பின்பனி; அது பிரிவைப் பாடும் பாலைத்திணைக்கு உரியது என்று தொல்காப்பியர் வைத்த முறையை இங்கே வரலாறு ஒப்பந்தத்தாள் எழுதி நடத்திக் காட்டியது. எஞ்சியிருந்த நாடற்றோரின் வழக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது.

குவாதலூப்பிலே நடந்ததை இதனோடு ஒப்பிடுதல் தகும். அத்தீவிலே ஒப்பந்தக் கூலிகளின் வழியில் 1863 இற் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம் என்பவர். இந்தியர் பிள்ளைகளும் பிரெஞ்சுக் குடிகளே, அவர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று 1904 முதல் வழக்காடினார். பத்தொன்பது ஆண்டு போராடி 1923 இலே வென்றார். அவர் பெயரிலே சிதம்பரம் இருந்தது. அவர் வழக்காடிய மொழி பிரெஞ்சு. அங்கே குடி கிடைத்தது, மொழி போயிற்று. ஹந்தானையிலே மொழி நின்றது, குடி போயிற்று. ஒரே கரையிலிருந்து, ஏறக்குறைய ஒரே காலத்திலே, கரும்புக்கும் தேயிலைக்குமாகப் பிரிந்து போனவர்களுக்கு நேர்ந்த இரு கதி இவை. தமிழாசிரியர்களாகிய நாம் மொழி நின்றதைக் கண்டு பெருமைப்படுகிறோம். நிற்க ஒரு பிடி மண்ணில்லாமல் மொழியை இரண்டு நூற்றாண்டு காத்தவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்வதில்லை.

குடியுரிமை இன்று மீண்டுவிட்டது. குடியிருக்கும் மண்ணின் உரிமை பெரும்பாலோர்க்கு இன்னும் வரவில்லை. 1970 களிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இற் பெரும்பாலானவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. கண்டிப் பக்கத்துத் தோட்டங்கள் பல அரச சபைகளிடமே எஞ்சின. கை மாறிய ஒவ்வொரு முறையும் லயங்களும் காணியோடு சேர்ந்தே கை மாறின. 2015 இன் பின் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலமும் தனிவீடும் என்னும் திட்டம் தொடங்கியது. இந்திய அரசு முதலில் நாலாயிரம் வீடுகளையும், 2017 மே மாதம் நோர்வூட்டிலே பிரதமர் மோடி வந்தபோது மேலும் பத்தாயிரம் வீடுகளையும் அறிவித்தது. வீடுகள் எழுந்தன, தேவையோ மிகப் பெரிது. 2023 இலே, மலையக மக்களின் இருநூறாவது ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் நடந்த வழியிலே பதினாறு நாள் நடந்தார்கள். அந்நடையின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று காணி. 2025 நவம்பர் இறுதியிலே தித்வா புயல் அடித்தபோது கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடிந்து உயிர்கொண்டன. பாதுகாப்பான நிலம் என்ற கேள்வி அதன்பின் இன்னும் கூர்மையாயிற்று.

விருந்து என்ற தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது முதற்பொருள். புதிதாய் வந்தவர் விருந்தினர். மேலே பங்களாவில் என் மாணாக்கரும் அவர் மனைவியும் பணங்கொடுத்த குடிக்கூலிக்காரர். கீழே லயத்திலே அவர்கள் விருந்தினர். இரண்டுக்கும் இடையே பத்து நிமிட இறக்கம். விடுமுறைக்கு வருவோர் யாவரும் அந்த இறக்கத்தை இறங்குவது நல்லது. பங்களாவை நடத்துவோர், எந்தத் துரை எந்த ஆண்டிலே அதனைக் கட்டினார் என்று சுவரிலே எழுதி வைக்கிறார்கள். கல் சுமந்தவரும் கொழுந்து கிள்ளியவரும் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த லயத்தில் இருந்தார்கள் என்பதையும் அங்கே எழுதி வைக்கலாம். அதனை எழுதிக் கொடுக்கும் கடமை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உண்டு. பெரட்டு, கவ்வாத்து, கங்காணி, கணக்கப்பிள்ளை, மேட்டு லயம், பணிய லயம் என்று தோட்டத்துச் சொற்கள் எத்தனையோ உள. அவற்றை அறிந்த மூதாட்டிமார் இன்னும் சிலரே இருக்கிறார்கள். பேராதனை நூலகத்திலே தேடுவோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு ஏறிப்போய்க் கேட்டு எழுதலாம். பாட்டியின் பிறந்த ஆண்டு தெரியாத பேத்திகள் கனடாவிலும் நீலகிரியிலும் மாத்திரம் இல்லை. நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள்.

எட்டாம் நாள் முடிந்ததும் தம்பதியர் பங்களாவின் திறப்பை ஒப்படைத்துவிட்டு, மலைவிளிம்பிலிருந்த மற்றை வீட்டுக்கு மாறினார்கள். தை கடைசியிலே கனடாவுக்குத் திரும்பினார்கள். அந்த அம்மையார் பழைய பங்களாவின் முன்வாசலால் நுழைந்தார், முன்வாசலாலேயே வெளியேறினார். அதற்குரிய குடிக்கூலியை அவர் பணமாகக் கொடுத்தார். அவருடைய அம்மாயி அதே மலைக்குக் கொடுத்த குடிக்கூலி வேறு. காடு வெட்டி, கோப்பி நட்டு, தேயிலை நட்டு, கொழுந்து கிள்ளி, இருநூறு ஆண்டாக ஒரு மக்கட்கூட்டம் முறை தவறாமற் செலுத்திவரும் கூலி அது. அதற்கான பற்றுச்சீட்டை எழுதிக் கொடுக்கவேண்டியவர்கள் இன்னும் எழுதவில்லை.